ஏழாம் பக்கத்தில் என் மீன்கள்

மார்ச் 3
'வீட்டு மீன்தொட்டி பராமரிப்பு' என்று இணையத்தில் தேடிப் பார்த்தேன். நாலாம் பக்கத்தில், கடைசிக்கு முந்தின வரியில் நான். நாலாம் பக்கம் வரைக்கும் யார் போவாங்க? நான்தான் போவேன், என்னையே தேடிக்கிட்டு.

இந்த மாசக் கடைசிக்குள் என் தொட்டி பராமரிப்புக்குப் பத்து வீடு சேரவில்லை என்றால் மருத்துவமனை அலுவலக வேலைக்கே திரும்பிவிடுவதாக இவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மேலாளர் அம்மாவும் என் இடத்தை அதுவரை காலியாக வைத்திருக்கிறார். இப்போது இருப்பது மூன்று வீடு. அதில் ஒன்று நாத்தனார் வீடு.

பதினோரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டவள் நான். இப்போ முழங்கை வரைக்கும் பாசி. ஆனாலும் காலையில் எழுந்திருக்கும்போதே சிரிப்பு வருது. திரும்பிப் போக மாட்டேன் சாமி.

மார்ச் 5
என் இணையதளத்தைச் செய்து கொடுத்த கொழுந்தன் வந்தான். "அண்ணி, மத்த தளங்கள்ல உங்க லிங்க் இருக்கணும். நீங்க அவங்க லிங்க்கைப் போடுங்க, அவங்க உங்களோடதைப் போடட்டும். நாலு பேர் கை காட்டினாத்தான் தேடல்ல மேல வருவீங்க."

இவ்வளவுதானா! கேட்கிறதுக்கு எனக்கென்ன வெட்கம்?

மார்ச் 9
நாலே நாளில் இருபத்துமூன்று லிங்க்! பல் டாக்டர், பூட்டு ரிப்பேர்காரர், பலூன் அலங்காரம் செய்கிறவர் — ஒருத்தர்கூட மறுக்கவில்லை. என் தளத்தில் எல்லோரையும் வரிசையாகப் போட்டாச்சு. பெருமை தாங்கவில்லை. இவர் எட்டிப் பார்த்துவிட்டு, "மீன் எங்கேடி?" என்றார். பொறாமை.

மார்ச் 14
ஏழாம் பக்கம்.

மார்ச் 15
அழுதேன். அப்புறம் கொழுந்தனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவன் வந்து என் பட்டியலைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். "மீன் வளர்க்கிறவங்க போற தளமாப் பார்த்துக் கேளுங்கன்னு சொன்னேனே அண்ணி! சம்பந்தமில்லாததை அள்ளிப் போட்டா கீழதான் தள்ளும்."

சொன்னானா? சொல்லியிருப்பான். நான் பாதியிலேயே டீ போட எழுந்து போயிருப்பேன்.

போதாக்குறைக்கு ஒரு பெண் போன் செய்து இருநூறு பலூன் கேட்டாள். என்னிடம் மீன்தான் இருக்கு என்றேன். "நீலக் கலர்லயா?" என்றாள்.

மார்ச் 17
இருபத்துமூன்றையும் எடுத்தாச்சு. மீன்களுக்கும் வைத்தியம் பார்க்கும் கால்நடை டாக்டரும், தண்ணீர் பரிசோதனைக் கூடமும் லிங்க் போடச் சம்மதித்துவிட்டார்கள். பாக்கி ஒரே ஒருவர் — தொட்டி செய்கிற கண்ணாடிக்காரர். முதல் பக்கம், முதல் வரி. அவர் கை காட்டினால் போதும்.

ஆனால் எந்த முகத்தோடு கேட்பது? அவர் தளத்தில் ஒற்றை நட்சத்திரத்தோடு ஒரு விமர்சனம் கிடக்கிறது: 'இவர் தொட்டியில் தண்ணீர் நிற்காது. இவர் வாயும் நிற்காது.' ரெண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதியது சாட்சாத் நான்தான்.

மார்ச் 18
மனசு கேட்கவில்லை. அவரிடம் வாங்கிய அந்தத் தொட்டி இருந்த மேஜைமேல், சரிவு பார்க்கும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் விரல்கடை அளவு சரிவு! மேஜை கோணலாக இருந்தால் எந்தத் தொட்டியும் மூலையில் ஒட்டு விட்டு ஒழுகும். போகிற வீட்டிலெல்லாம் இதைத்தான் முதலில் சொல்கிறேன், என் வீட்டு மேஜையைப் பார்த்ததே இல்லை.

அப்போ தப்பு அவர்மேல இல்ல. என்மேலதான். ஐயோ, என்ன பேச்செல்லாம் பேசினேன்!

மார்ச் 19
பட்டறைக்கே போனேன். சுவரெல்லாம் கண்ணாடிப் பலகை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். "வாய் நிக்காதுன்னு எழுதின அம்மாதானே?"

மேஜைக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். விமர்சனத்தை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எடுக்காதீங்கம்மா. நடந்ததைக் கீழ எழுதுங்க. பாதிப் பேர் இதே தப்பைத்தான் பண்றாங்க. நான் சொன்னா எவன் நம்புறான்?"

அப்புறம் லிங்க் கேட்டேன். தளம் எல்லாம் வீட்டம்மா கையில்தானாம். "அவகிட்ட கேக்குறேன். எனக்கு அங்க அதிகாரம் இல்ல" என்றார்.

மார்ச் 22
போட்டுட்டாங்க! அதுவும் எப்படி: 'தொட்டி நாங்கள் செய்வோம். எப்படி வைப்பது என்று இவரிடம் கேளுங்கள். ஒருமுறை தப்பாக வைத்தவர், இனி வைக்க மாட்டார்.' இதை இவர் மூணு தடவை சத்தமா வாசிச்சார். மூணு தடவையும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

மார்ச் 27
முதல் பக்கம்! ஐந்தாவது வரி! ஏழு வீடு ஆச்சு.

மார்ச் 30
ஒன்பது. இன்னும் ஒரே ஒரு வீடு. மத்தியானம் வரை போனையே முறைத்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு அடித்தது. கண்ணாடிக்காரர்.

"உங்க பக்கத்தைப் படிச்சதுலேர்ந்து வீட்டம்மா மீன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. இருபது வருஷமா தொட்டி செய்யறேன், ஒரு மீன் வளர்த்ததில்ல. வந்து வச்சுத் தருவீங்களா?"

தருவீங்களாவா! பறந்து வருவேன்!

மார்ச் 31
மேலாளர் அம்மாவிடம், என் இடத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு நாத்தனார் வீட்டுத் தொட்டியைக் கழுவப் போனேன்.

ஏப்ரல் 2
கண்ணாடிக்காரர் வீட்டில், அவர் கையாலேயே செய்த தொட்டி. முதல் மீனைத் தண்ணீரில் விட்டேன். அது ஒரு சுற்று சுற்றி வந்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று அவரைப் பார்த்தது. மனுஷன் அப்படியே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஓ... இதுக்குத்தான் எல்லாரும் வாங்குறாங்களா!"