கப்பல் முகப்பில் அக்கா

ஆல்டர்கோம்ப், சோமர்செட்
நவம்பர் 24

அன்புள்ள லோர்னாவுக்கு,

பத்திரமாக லீட்ஸ் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். வந்து கதவைத் தட்ட நீ என்ன பக்கத்துத் தெருவிலா இருக்கிறாய்? அதனால்தான் பேனாவை எடுத்தேன். திட்டுவதானாலும் எழுதித் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

அப்பாவை அடக்கம் செய்த கையோடு கிளம்பிவிட்டாய். ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கவில்லை. வருஷா வருஷம் நவம்பர் ஊர்வலத்துக்கு அப்பாவோடு ஊர்தி கட்டிய காக்கைக் கழகத்து ஆட்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். நம் ஊர்தியை இழுக்கும் டிராக்டரை ஓட்டும் நார்மன், பன்றிக்கறி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "கிழவர் இருந்திருந்தா இதுல உப்பு பத்தலன்னு இந்நேரம் சமையக்காரியோட மல்லுக்கு நின்னிருப்பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊர்தியில் சிலையாக நிற்கப் பூசிய அந்த வெள்ளிச் சாயம் காதுக்குப் பின்னால் இன்னும் போகவில்லை, லோர்னா. மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்தும் போகவில்லை.

உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஊர்வலத்தன்று அப்பா சக்கர நாற்காலியை விட்டு எழுந்ததை நான் பார்த்தேன். விழுந்ததையும் பார்த்தேன். நம் ஊர்திக் கப்பலின் முகப்பில் வலக்கையை நீட்டிக்கொண்டு சிலையாக நின்றவளுக்குத் தெருவே தெரியும். அப்பா தெரியாமல் போவாரா? விழும்போது உள்ளங்கையை விரித்து என் பக்கம் காட்டினார். ஊர்தி கட்டும் கொட்டகையில் ஒத்திகை பார்க்கும்போது அப்படிக் காட்டினால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும். "அசையாதே" என்று அர்த்தம். அதனால்தான் நான் நின்றேன்.

அப்புறம் நீ அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாய். அவர் உதடு அசைந்ததாக எதிர்வீட்டு பார்பரா சொல்கிறாள். அவர் என்ன சொன்னார்? எனக்கு அது தெரிய வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
உன் அக்கா
டெனிஸ்


லீட்ஸ்
டிசம்பர் 3

அக்கா,

கடிதம் வந்தது. உள்ளங்கையாம், அர்த்தமாம்! விழுகிற மனுஷன் எதையாவது பிடிக்கக் கையை நீட்டுவான். அதையும் உனக்கு இட்ட கட்டளையாக்கிக்கொண்டாயா? உன்னைப் பார்த்ததும் அவருக்குக் கால் முளைத்துவிட்டது, எழுந்தார், விழுந்தார். நடந்தது அவ்வளவுதான்.

நீ மேலிருந்து பார்த்ததை எழுதினாய். கீழே நடந்ததை நான் எழுதுகிறேன், கேள். தானியச் சந்தை மண்டபத்தின் முன்னால் குளிரில் மூன்று போர்வை சுற்றி அவரை உட்கார வைத்திருந்தேன். மற்ற கழகங்களின் ஊர்திகள் போகப் போக ஒவ்வொன்றுக்கும் நொட்டை சொன்னார். "பல்பு மட்டும் போட்டா ஊர்தியா? ஆளுங்க ஆடுது பாரு, காத்துல துணி காயற மாதிரி!" அவர் வாய் எனக்குப் பழகியதுதான். உங்கள் கப்பல் வந்தது. அவர் விழுந்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன்: "அக்கா! அப்பா விழுந்துட்டாரு! நிறுத்தச் சொல்லு!" நீ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. கையை நீட்டிக்கொண்டே எங்களைக் கடந்து போனாய். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தன் என்ன சொன்னான் தெரியுமா? "அடேயப்பா, இவ்வளவு கத்தியும் அசையறாளா பாரு! இதுக்குத்தாண்டா கோப்பை குடுக்கணும்!" சொல்லிவிட்டுக் கைதட்டினான். நாலு பேர் கூடச் சேர்ந்து தட்டினார்கள். அப்பா தரையில் கிடக்கிறார், என் அக்காவுக்குக் கைதட்டு.

கோப்பையும் கொடுத்துவிட்டார்கள். வாழ்த்துகள்.

ஆஸ்பத்திரிக்கு நீ வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலையிலிருந்து கால்வரை வெள்ளிச் சாயத்தோடு வாசலில் நின்றாய். அந்த நர்ஸ் பெண் பயந்தே போனாள். எனக்கு உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை.

எட்டு வயதில் ஊர்தியில் நின்றபோது நான் தும்மினேன், ஞாபகமிருக்கிறதா? ஒரே ஒரு தும்மல். இறக்கிவிட்டுக் கையில் உண்டியல் வாளியைக் கொடுத்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு நவம்பரும் நான் சில்லறை பொறுக்கினேன், நீ மேலே நின்றாய். அவர் கால் விழுந்த பிறகு லீட்ஸிலிருந்து மாதம் தவறாமல் வந்து குளிப்பாட்டியவள் யார்? உனக்குக் கொட்டகையில் வேலை இருந்தது.

அவர் என்ன சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன்.

லோர்னா


ஆல்டர்கோம்ப்
பிப்ரவரி 17

அன்புள்ள லோர்னா,

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. படித்துவிட்டு இரண்டு மாதம் பதில் எழுத முடியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்கிறேன், சாக்காக எடுத்துக்கொள்ளாதே. முகப்பில் என்னை இடுப்பில் இரும்புப் பட்டை போட்டுப் பூட்டியிருந்தார்கள். மாடி ஜன்னல் உயரம். இரண்டு ஆள் ஏணி வைத்தால்தான் இறங்க முடியும். முன்னால் டிராக்டர், பின்னால் ஜெனரேட்டர், பாட்டுச் சத்தத்தில் நார்மனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. க்ளைவ் இதையெல்லாம் சொல்லித்தான் என்னைத் தேற்றுகிறார். "நீ என்னம்மா பண்ணியிருக்க முடியும்? விடு" என்கிறார். பாவம், நல்ல புருஷன். ஆனால் எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். கையை ஆட்டியிருக்கலாம். உன்னைப் பார்த்துத் தலையையாவது திருப்பியிருக்கலாம்.

ஊர் சும்மா இருக்குமா? கறிக்கடையில் வரிசையில் நின்றால் பின்னாலிருந்து, "தள்ளி நில்லுங்கடி, சிலை வந்திருக்கு" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் எல்லோரும் தொத்திறைச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இதே வாய்கள்தான் என்னைப்போல் நிற்க ஆளில்லை என்றன.

அடுத்த ஊர்வலத்துக்கு இப்போதே கூட்டம் போட்டார்கள். நான் நிற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நார்மன் கெஞ்சினார். "கிழவருக்காகவாவது நில்லு டெனிஸ்" என்றார். கிழவருக்காக நின்று பட்டதெல்லாம் போதும் என்றேன்.

லோர்னா, அவர் என்னைக் கூப்பிட்டாரா? திட்டினாரா? திட்டியிருந்தாலும் சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்கிறேன். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அக்கா


லீட்ஸ்
மார்ச் 2

அக்கா,

கோப்பை உன் அலமாரியில்தானே இருக்கிறது? அதனிடம் கேள்.

லோ.


ஆல்டர்கோம்ப்
செப்டம்பர் 21

லோர்னா,

இந்த விஷயமாக உனக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம் இது.

போன வாரம் பாரம்பரிய வாரம். தேவாலய மணிக்கூண்டைத் திறந்துவிட்டார்கள், பழைய ஆலையைத் திறந்துவிட்டார்கள், மூலைக்கு மூலை பித்தளை வாத்தியக்காரர்கள், ஓவியர்கள். எங்கே பார்த்தாலும் ஆப்பிள் கேக். தானியச் சந்தை மண்டபத்தில் நம் ஊர்வலத்துக்கென்று ஒரு கண்காட்சி. அப்பாவின் பெரிய போட்டோ வைத்திருக்கிறார்கள், சுத்தியலோடு. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் தானாக அங்கே போய்விட்டது.

அங்கே திரையில் போன வருஷ ஊர்வலத்தை ஓட்டினார்கள். யாரோ எதிர்ச்சாரி ஜன்னலிலிருந்து எடுத்த படம். நடுவில் கப்பல், நான். படத்தின் ஓரத்தில் நீங்கள் இருவரும். எடுத்தவனுக்கே அது தெரிந்திருக்காது, பார்க்கிறவர்களுக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். அடுத்த முறை ஓடும்வரை காத்திருந்து மறுபடி பார்த்தேன். காவலுக்கு இருந்த அம்மாள், "உங்க படத்த நீங்களே பாத்துட்டு நிக்கிறீங்களே, ஆசை அடங்கலையா?" என்று கேலி செய்தாள். அவளுக்கு என்ன தெரியும்?

அப்பா உன் மடியில் கிடக்கிறார். உன்னைப் பார்த்து ஏதோ கேட்கிறார். சத்தம் இல்லை, பாட்டுதான் கேட்கிறது. நீ நிமிர்ந்து என் பக்கம் பார்க்கிறாய். பிறகு அவரைப் பார்த்து இல்லை என்று தலையாட்டுகிறாய். அவர் கண்ணை மூடிக்கொள்கிறார்.

எனக்குப் புரிந்துவிட்டது. "டெனிஸ் வர்றாளா?" என்று கேட்டிருக்கிறார். நீ இல்லை என்றிருக்கிறாய். என்னைக் காப்பாற்றத்தான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாயோ என்னவோ. அப்படியானால் உனக்கு என் நன்றி. நான்தான் விடாமல் பிடுங்கினேன்.

கோப்பையைக் கழகத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உறுப்பினர் பதவி வேண்டாமென்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் போட்டிருந்த உடையைத் தோட்டத்தில் வைத்துக் கொளுத்தினேன். க்ளைவ் தடுத்தார், கேட்கவில்லை. நாலு வயதில் உருளைக்கிழங்குப் பெட்டிமேல் என்னை ஏற்றி அசையாமல் நிற்க வைத்தார் அப்பா. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். பெற்ற அப்பா வர்றாளா என்று கேட்டபோது வராமல் நின்ற வித்தை எனக்கெதற்கு?

நவம்பரில் ஊர்வலத்தன்று விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் இருப்பேன். நான் புரிந்துகொண்டது சரியென்றால் நீ பதில் எழுத வேண்டாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

டெனிஸ்


லீட்ஸ்
நவம்பர் 12

அக்கா,

ஊர்வலம் முடிந்துவிட்டது. காக்கைக் கழகத்துக்கு இந்த முறை எந்தப் பரிசும் இல்லை என்று பார்பரா எழுதியிருந்தாள். உனக்குப் பதிலாக முகப்பில் நின்ற பெண் மூக்கைச் சொறிந்தாளாம்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமலே விட்டுவிடலாம் என்று இருந்தேன். எழுதாவிட்டால் நீ புரிந்துகொண்டது சரியாகிவிடும். ஏழு வாரம் அதை அப்படியே விட்டு வைத்தேன். நீ நன்றாக வேகட்டும் என்றுதான் விட்டேன். பெரிய மனசு, காப்பாற்றினேன் என்றெல்லாம் என்னைப் பற்றி எழுதாதே, படிக்கவே கூசுகிறது. எனக்கு அப்படிப்பட்ட மனசு கிடையாது.

படத்தில் நீ பார்த்தது எல்லாம் நடந்ததுதான். கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினேன். ஆனால் அவர் கேட்டது நீ நினைத்தது இல்லை.

"அசைஞ்சாளா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன். "அதான் என் பொண்ணு" என்றார். சிரித்தார், அக்கா. மூச்சு விடவே முடியாத மனுஷன் சிரித்தார். அதற்கப்புறம்தான் கண்ணை மூடினார். அந்த உள்ளங்கையும் நீ சொன்ன உள்ளங்கைதான். எனக்கு அன்றைக்கே தெரியும்.

நீ மட்டும் அன்றைக்கு இறங்கி ஓடி வந்திருந்தால், சாகிற நேரத்திலும் உன்னைத் திட்டிவிட்டுத்தான் செத்திருப்பார். நீ செய்தது சரி. அவருக்கு என்ன வேண்டுமோ அதைச் செய்தாய். எனக்குத்தான் அவருக்கு என்ன வேண்டும் என்று கடைசிவரை தெரியவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தால் போதும், முதுகு தேய்த்துவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன்.

இதை அன்றைக்கே, ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லியிருந்தால் நீ இன்றைக்கும் முகப்பில் நின்றிருப்பாய். சொல்லக்கூடாது என்று முடிவெடுத்துத்தான் சொல்லாமல் இருந்தேன். வருத்தப்படுகிறேனா என்று கேட்காதே. இப்போது சொல்லிவிட்டேன், எடுத்துக்கொள். அவர் விட்டுப்போன நல்ல வார்த்தை அது ஒன்றுதான், அதுவும் உனக்குத்தான் சேர வேண்டும். இனிமேல் எனக்கு எழுதாதே, வரவும் வராதே.

ஆம்புலன்சில் போகும் வழியெல்லாம் அவர் கையை நான்தான் பிடித்திருந்தேன். இடையில் ஒருமுறை கண் திறந்தார். என் பெயரைச் சொல்வார் என்று முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தேன். "கோப்பை யாருக்கு?" என்று கேட்டார்.

லோர்னா