ஆறாம் நம்பர் செருப்பு

அக்கா,

புது ரப்பர் வாசனை இன்னும் என் மூக்கிலேயே இருக்கிறது. இன்று சாயங்காலம் உன் மகளோடு தி.நகரில் ஒரு செருப்புக் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கும் சர்க்கரை வந்துவிட்டது. "சித்தி, நீதானே அம்மாவுக்குப் பாத்து வாங்கினே, எனக்கும் வந்து பாரு" என்று போனில் கூப்பிட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நீயும் நானும் இதே தெருவில் ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டே புடவை மடித்தவர்கள். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. அந்த சூப்பர்வைசரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "உனக்கு எவன் மேலதான்டி கோவம் இல்ல? நிக்காத போற பஸ்ஸு மேலயும் கோவம்" என்று நீ சிரிப்பாய்.

உன் மகள் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் உனக்குச் செருப்பு வாங்கப் போனோம். கூட்டம் இருக்காது என்று கடை திறந்ததுமே உன்னை இழுத்துப் போனவள் நான்தான். கடைக்காரர் உன் காலைப் பார்த்து ஏழாம் நம்பர் எடுத்துவந்தார். போட்டு நடந்தாய்.

"இன்னாடி இது, லொடலொடன்னு கீது. கால்ல கீதா இல்லியான்னே தெரியல."

ஆறாம் நம்பரைப் போட்டதும் உன் முகம் மலர்ந்தது. "இதான் புடிச்சிக்கினு கீது."

"கடிக்குதாக்கா?"

"கடிக்கவே இல்லடி. பூ மாதிரி கீது."

"ஏழுதாம்மா சரி. சாயங்காலம் ஆனா கால் வீங்கும்" என்றார் கடைக்காரர். நான் விட்டேனா? "அவங்க கால் அவங்களுக்குத் தெரியாதா? விக்காதத எங்க தலையில கட்டப் பாக்கிறியா நைனா?" என்று சண்டை போட்டு ஆறையே வாங்கினேன்.

மாப்பிள்ளை அழைப்பன்று மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மேடைக்கு நடந்தாய். வெள்ளைத் தரையில் உன் பின்னாலேயே சிவப்புத் தடம். "யாருடி ஆரத்தித் தண்ணிய மெதிச்சது?" என்று கேட்டாய். உனக்கு வலிக்கவே இல்லை. மறுநாள் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு தாலி கட்டி, பந்தி முடியும்வரை நின்றாய். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரி.

முதல் நாள் நானும் வந்தேன். டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார்கள். சர்க்கரையில் மரத்துப்போன காலுக்கு இறுக்கிப் பிடித்தால்தான் செருப்பு இருப்பதே தெரியுமாம். அதனால் சின்னதுதான் சரி என்று தோன்றுமாம். கடிக்குதா என்று அந்தக் காலிடமே போய்க் கேட்டிருக்கிறேன் நான். வெளியே வந்து உன் மகளிடம், "கடைக்காரன்தான் தப்பான நம்பரக் குடுத்துட்டான்" என்று சொன்னேன். பிறகு நான் அந்தப் பக்கமே வரவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதத்தை எடுத்தார்கள், அப்புறம் நீயே இல்லை. எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டதுதான்.

இன்று உன் மகள் ஆறாம் நம்பர் ஷூவுக்குள் காலை நுழைத்து, "இதான் கரெக்டா கீது சித்தி" என்றாள். தரையில் உட்கார்ந்து, ஷூவுக்குள் இருந்த மெத்தையை உருவிப் போட்டு, அதன்மேல் அவள் காலை வைத்தேன். சுண்டுவிரல் வெளியே நின்றது. ஏழாம் நம்பரைக் கொண்டுவரச் சொன்னேன். குதிகாலை ஒட்டவைத்து, விரலுக்கு முன்னால் என் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தேன். இருந்தது. அப்படியே அவள் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அதுக்காகவா நீ ஆஸ்பத்திரிக்கு வரல?" என்று கேட்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். "அம்மா கதவையே பாத்துக்கினு இருந்துச்சு சித்தி. 'அவளுக்கு என் மேல இன்னா கோவம், கல்யாணத்துல அவளச் சாப்பிடக் கூப்பிடாம உட்டுட்டீங்களா'ன்னு எங்க எல்லாரையும் கேட்டுக்கினே இருந்துச்சு."

அந்தக் கேள்வியைத்தான் வீட்டுக்குத் தூக்கி வந்திருக்கிறேன் அக்கா. இனி என் காலம் முழுக்க அது என்னோடுதான் இருக்கும்.

யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடாமல் விட்டுவிடவில்லை. அந்தக் காலோடு நீயே வந்து, கையைப் பிடித்து முதல் பந்தியில் உட்காரவைத்தாய். வயிறு நிறையச் சாப்பிட்டேன் அக்கா.