கிளேர் பேரில் விழுந்த சிவப்புக் கோடு

தேஹோவின் அப்பாவுக்கு,

குக்கரில் சோறு இருக்கிறது. முள்ளங்கி சூப்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டுக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடப் போகிறேன், நாளைதான் வருவேன்.

கனடா மருமகள் கிளேருக்கு நான் எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் 'எ', 'தி' தப்பையெல்லாம் திருத்தினீர்கள், சரி. "பேருக்கு முன்னாடி யாராவது 'தி' போடுவாங்களா?" என்று சிரித்துக்கொண்டே நீங்கள் அடித்த சிவப்புக் கோடு கிளேர் பேரின் மேலும் ஓடிவிட்டது. செத்தவர்கள் பேரைத்தானே சிவப்பில் எழுதுவார்கள், உயிரோடு இருப்பவள் பேரில் சிவப்பு மையா? அதுவும் மாசமாக இருப்பவள்!

அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். நீல மையில் புதிதாக எழுதி எடுத்துப்போகிறேன், வழியில் தபாலில் சேர்த்துவிடுவேன்.

பி.கு.: திருத்தமெல்லாம் நீங்கள் சொன்னபடிதான். அவள் பேருக்கு முன்னால் மட்டும் 'தி' அப்படியே இருக்கிறது. ஒன்றே ஒன்றுக்குத்தான் 'தி' என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? நமக்கு இருப்பது ஒரே மருமகள்.