மெர்வினுக்கு ஒலிக்காத சைரன்

டூலாரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜோசிக்கு,

நீ அங்கே ஸ்காட்லாந்துப் பனியில் கம்பளிக்குள் சுருண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே கோடை வெயிலில் நாங்கள் இருவரும் தலைமுடியில் புகை வாசனையோடு நலமாகவே இருக்கிறோம். அப்பா நலம் என்பதைத் தனியாகவும் எழுதிவிடுகிறேன். அவர் கோட்டும் டையுமாகத் தீயணைப்பு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் படம் இதற்குள் யார் மூலமாவது உனக்கு வந்திருக்கும், நீயும் என்னோடு சண்டைக்குத் தயாராகியிருப்பாய். அதனால்தான் போனில் பேசாமல் எழுதுகிறேன். போனில் நீ நடுவில் குறுக்கிடுவாய், நான் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடுவேன்.

கிறிஸ்துமஸ் அன்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. "நெஞ்சுல ஸ்டென்ட் வெச்ச மனுஷன் எதுக்கும்மா நெருப்புக்குள்ள போகணும்? எப்படியாவது அவர வண்டிய விட்டு எறக்கு" என்றாய். நானும் சரி என்றேன், அவரிடம் பேசினேன். அவர் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. தீயணைப்பு அழைப்பு வரும் பேஜரை இடுப்பிலிருந்து கழற்றவில்லை, ஆனால் அது அலறியபோதெல்லாம் வாசல்வரை போய்ப் புகை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி உட்காரும்போது அவர் முகத்தை நான் பார்ப்பதில்லை. நாய்தான் குழம்பிப்போனது. பேஜர் சத்தம் கேட்டதும் லாரிப் பக்கம் ஓடி நின்று, இவர் வராததைக் கண்டு திரும்பி வரும்.

இந்த நிலையில்தான் மெர்வின் இறந்தார். தூக்கத்திலேயே போய்விட்டார், அவர் மனைவி ஐலின் காலையில் தேநீரோடு போய்ப் பார்த்திருக்கிறாள். நீ பள்ளியில் படித்த காலமெல்லாம் அவர்தான் நம் ஊர்த் தீயணைப்புத் தொண்டர் படையின் கேப்டன், புல்லெரிக்க அனுமதி கேட்டு வந்தவர்களைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தியே திட்டி அனுப்பிய மனிதர், உனக்கு நினைவிருக்கும். அடக்கத்தன்று வழக்கம்போல் சவப்பெட்டியைத் தீயணைப்பு வண்டியின் பின்தட்டில் வைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. யார் ஓட்டுவது என்றபோது ஐலின் உன் அப்பாவைக் காட்டி, "நெவ் ஓட்டட்டும்" என்றாள். இப்போதைய கேப்டன் லியான், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாளே அவள்தான், என்னிடம் தனியாக வந்து, "ஹேசல், நடக்கிற வேகந்தான். நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள். நடக்கிற வேகத்தில் யாருக்கும் நெஞ்சு வலிக்காது என்று நானும் தலையாட்டினேன்.

அன்று நெருப்புத் தடை நாள், வெட்டவெளியில் ஒரு பொறிகூடப் பறக்கக்கூடாது. காலையிலேயே வடக்குக் காற்று, வெயில் தோலை உரித்தது. அப்படிப்பட்ட நாளில் ஊரைக் காவலில்லாமல் விடக்கூடாது என்று லியானுக்குத் தெரியாதா? பக்கத்து ஊர்ப் படையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். ஆனால் அவர்களுக்கும் மெர்வின் வேண்டியவர். யாராவது இருவர் இருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்து அத்தனை பேரும் சர்ச்சுக்கு வந்துவிட்டார்கள். ஆராதனையின்போது அலறக்கூடாது என்று பேஜர்களையெல்லாம் ஒரு ரொட்டிக் கூடையில் போட்டிருந்தார்கள், போதகர் அந்தக் கூடையை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார். இதுவெல்லாம் மரியாதைக்காகச் செய்தது. தவறு எப்படி நடந்தது என்று பிறகு உட்கார்ந்து பேசியபோது, மரியாதைக் குறைவாக நடந்துகொண்ட ஒருவரைக்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மெர்வினுக்குக் கடைசி மரியாதையாக, பெட்டியை வண்டியில் ஏற்றும்போது தீயணைப்பு ஷெட்டின் சைரனை ஒருமுறை ஒலிக்கவிடுவது என்றும் ஏற்பாடு. அஞ்சலகம் நடத்தும் வயலட் பொத்தானை அழுத்த வேண்டும். பெட்டி வெளியே வந்தது, ஏற்றினார்கள், பட்டையால் கட்டினார்கள், சைரன் எழுந்தது. எல்லோரும் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தோம். சிலர் அழுதார்கள். நானும் அழுதேன், ஜோசி. அந்தச் சத்தத்துக்கு எத்தனை முறை உன் அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார், அதையெல்லாம் நினைத்துக்கொண்டேன். சைரன் நிற்கவில்லை. வயலட் உணர்ச்சிவசப்பட்டு விரலை எடுக்க மறந்துவிட்டாள் போல என்று யாரோ முணுமுணுத்தார்கள். அப்போது ஐலின் மட்டும் தலையை நிமிர்த்தினாள். வாழ்நாள் முழுக்கக் கேப்டன் வீட்டில் இருந்தவள், சைரன் கேட்டால் முதலில் வானத்தைப் பார்ப்பாள். வடமேற்கே பார்த்துவிட்டு, "இது மெர்வினுக்கு இல்ல" என்றாள். அதே நேரம் வயலட் தெருவில் குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "நான் இன்னும் பொத்தானையே தொடலய்யா! அதுவா அடிக்குது!" அவசர அழைப்பு வந்தால் தானே ஒலிக்கும் சைரன் அது.

வடமேற்கே ராஸ் பண்ணைக்கு மேல் புகை, அடியில் கறுப்பாகவும் மேலே சாய்ந்தும் இருந்தது. ராஸ் அடக்கத்துக்கு வரவில்லை. எரிப்பு அனுமதி விஷயத்தில் மெர்வினோடு முட்டிக்கொண்டதிலிருந்து நம் படையைக் கண்டாலே அவனுக்கு ஆகாது, "செவப்பு வண்டி பொம்மைக் கூட்டம்" என்று பாரில் உட்கார்ந்து கேலி பேசுவான். எல்லோரும் சர்ச்சில் இருக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள் என்று வேலியோரப் புல்லை இயந்திரம் வைத்து வெட்டியிருக்கிறான், தகடு கல்லில் பட்டுப் பொறி பறந்திருக்கிறது. அவன் வீட்டுக்கும் நெருப்புக்கும் நடுவே அறுவடை முடிந்த கோதுமைத் தாள் மட்டும்தான். அது போதாதென்று பிற்பகலில் காற்று தென்மேற்காகத் திரும்பும் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். திரும்பினால் நெருப்பின் நீண்ட பக்கவாட்டு ஓரம் முழுவதும் அதன் முன்முகமாகி ஊரைப் பார்த்து வரும், உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லோரும் வண்டியைப் பார்த்தார்கள், வண்டியின் மேல் மெர்வின் இருந்தார். லியான் ஐலினைப் பார்த்தாள். ஐலின்தான், "என்னடா பாத்துக்கிட்டு நிக்கறீங்க, எறக்குங்க அவர! அவரே எந்திரிச்சுத் திட்டணுமா?" என்றாள். மண்டபத்திலிருந்து சாண்ட்விச் மேசைகளைத் தூக்கி வந்து வெளியே பெரிய மரத்தடியில் போட்டு அதன்மேல் பெட்டியை இறக்கினார்கள். பாதிப் பேர் கோட்டைப் புல்லிலேயே வீசிவிட்டு, வெள்ளைச் சட்டைக்கு மேல் மஞ்சள் உடுப்பை மாட்டினார்கள்.

உன் அப்பா ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. லியான் கதவருகே போய், "நெவ், எறங்கு, நான் ஓட்டறேன்" என்றாள். "நீ ஓட்டினா வயர்லெஸ்ஸ யாரு பாக்கறது? காத்து திரும்பறத யாரு பாக்கறது?" என்றார். அவர் சொன்னது நியாயம். பெரிய வண்டி ஓட்டும் இன்னொருவர் அறுவடை முடிந்து கடற்கரைக்குப் போயிருந்தார். லியான் என் பக்கம் திரும்பினாள், அப்பாவும் திரும்பினார். நீ சொன்னது எனக்கு நினைவு வந்தது, நான் சரி என்றதும் நினைவு வந்தது. வீடு ராஸுடையது என்றால் என்ன, அதற்குள் அவன் மனைவி இருந்தாள். கைப்பையிலிருந்து, நெஞ்சு வலித்தால் நாக்கடியில் அடிக்கும் மருந்தை எடுத்து அவர் கோட்டுப் பையில் போட்டேன், வண்டிக் கதவைச் சாத்தினேன். அவர் பிடிவாதமாகப் போனார் என்று யாராவது உன்னிடம் சொன்னால் நம்பாதே. கதவைச் சாத்தியது நான்.

பிறகு பெண்களும் வயதானவர்களும் மெர்வினோடு மரத்தடியில் இருந்தோம். ஐலின் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு வயர்லெஸ்ஸை வைத்துக்கொண்டாள். சாம்பல் வந்து பெட்டியின்மேல் விழும், கைக்குட்டையால் துடைப்பாள், மறுபடி விழும். வயர்லெஸ்ஸில் வரும் கரகரப்பெல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் கேட்டது. அவள் அதை எனக்குப் பிரித்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது எரிந்து கருகிய தரைமேலேயே போகிறார்கள், அங்கே மறுபடி தீப்பிடிக்காது, நல்லது. இப்போது தண்ணீர் நிரப்பத் திரும்புகிறார்கள். இப்போது பக்கத்து ஊர் வண்டி வந்துவிட்டது, ராஸ் தன் சின்ன லாரியில் தொட்டியோடு கூடவே வருகிறான், வீட்டைத் தாண்டிவிட்டார்கள், வீடு நிற்கிறது. அப்பா குரல் இரண்டு மூன்று முறை கேட்டது, நிதானமாகத்தான் இருந்தது. பிறகு வெகுநேரம் கேட்கவில்லை. நான் ஐலினைப் பார்த்தேன். "ஓட்டறவன் பேச மாட்டான், ஹேசல். பேசினாத்தான் பயப்படணும்" என்றாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கணவர் பக்கத்தில் பெட்டியில் கிடக்க, என் கணவருக்காக எனக்கு அவள் ஆறுதல் சொன்னதை நான் எங்கே போய்ச் சொல்வது.

காற்று திரும்பியபோது மரம் முழுக்கச் சிலிர்த்தது. பக்கவாட்டை அதற்குள் அணைத்திருந்தார்கள், கொஞ்சம் மீதி இருந்ததும் ரயில் பாதையில் வந்து நின்றது. ராஸின் வேலிகளும் ஒரு கொட்டகையும் போயின, மனிதர்களுக்கு ஒன்றுமில்லை.

வண்டி சர்ச்சுக்குத் திரும்பியபோது அடையாளமே தெரியவில்லை. பின்தட்டில் குழாய்கள் குடல்போலக் கிடந்தன. லியான் முகமெல்லாம் கரியோடு, "கொஞ்ச நேரங்குடு ஐலின், கழுவிட்டு ஏத்தறோம்" என்றாள். "கழுவாதம்மா. சுத்தமான வண்டியில அவரு திரும்பி வந்ததே கெடயாது" என்றாள் ஐலின். அப்படியே ஏற்றினார்கள். அப்பா ஸ்டியரிங்கிலேயே இருந்தார், இறங்கவில்லை, ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. கல்லறையில் பெட்டியின் ஒரு கைப்பிடி அவருக்கென்று ஒதுக்கியிருந்தது. லியான் அவரைத் தூக்கவிடவில்லை. ராஸ் தன் லாரியை வெளியே நிறுத்திவிட்டு வேலிக்கு அப்பால் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்றான். ஐலின் பார்த்துவிட்டாள். "ஏய், ராஸ்! வேலியோரம் புல்லு வெட்டத்தான் தெரியுமா, வேலியத் தாண்டத் தெரியாதா? இங்க ஒரு கைப்பிடி சும்மா இருக்கு, வா" என்றாள். அவன் வந்து பிடித்தான். அழுதுகொண்டேதான் பிடித்தான். வயலட் கடைசியில் தன் பொத்தானை அழுத்தினாள், எல்லோரும் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலை குனிந்தோம்.

அன்று வீட்டுக்கு வந்து குளித்த பிறகு அப்பா என்னிடம் சொன்னார். பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு பிடித்திருக்கிறது. மருந்தை அடித்திருக்கிறார், விட்டுவிட்டது. "எனக்காகப் பயப்படல, ஹேசல். பின்னாடி நாலு பேரு குழாயப் புடிச்சு நிக்கறாங்க. நான் சாஞ்சேன்னா வண்டி அவங்களோட நெருப்புக்குள்ள போகும். அது வரைக்கும் எனக்கு அப்படித் தோணினதே இல்ல" என்றார். மறுநாள் தானே நடந்துபோய் லியானிடம் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டார். இனி ஷெட்டில் வயர்லெஸ் அவர் பொறுப்பு. டாக்டரும் பார்த்துவிட்டார், மாத்திரையை மாற்றியிருக்கிறார், அடுத்த மாதம் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன்.

ஆக, நீ கேட்டது நடந்துவிட்டது. ஆனால் போனில் "அப்பாடா, நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிடாதே, கண்ணு. வயர்லெஸ் எப்படிப் போகிறது என்று கேள். நாயைப் பற்றிக் கேள்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும், இதைத்தான் கடைசிவரை தள்ளி வைத்தேன். அந்த வாரக் கூட்டத்தில் லியான், வண்டி ஓட்ட ஒருவர் குறைகிறார், பெரிய வண்டி உரிமம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள். ராஸும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான், சேர்ந்துவிட்டான், ஆனால் அவனுக்குச் சின்ன வண்டி உரிமம்தான். வேறு கை எதுவும் எழவில்லை. நீ பிறப்பதற்கு முன்பிருந்து அறுவடைக்கு அறுவடை கோதுமை லாரியைக் கிடங்குக்கு ஓட்டியது யார், ஜோசி? என் உரிமம் சமையலறை இழுப்பறையில் இன்றும் செல்லுபடியாகத்தான் கிடக்கிறது. கையைத் தூக்கினேன். லியான் என்னைப் பார்த்து, "அடக் கடவுளே, இத்தன வருஷமா உன்ன உக்காத்தி வெச்சு சாண்ட்விச்சுதானே வெட்ட விட்டோம்!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அடுத்து என்னிடம் என்ன கேட்பாய் என்று எனக்குத் தெரியும். எனக்கும் பயம்தான். ஆனால் மரத்தடியில் உட்கார்ந்து கேட்கும் பயம் எனக்கு இப்போது தெரியும், அதைவிட இது தாங்கக்கூடியது என்று நினைக்கிறேன்.

நேற்று முதல் பயிற்சி. ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்பா ஷெட்டிலிருந்து வெளியே வந்தார். வண்டிக் கதவை அவர்தான் சாத்தினார்.

நீயும் மருமகன் ஆன்ட்ரூவும் நோயின்றி, சண்டையின்றி, வயிறார உண்டு, நன்றாகத் தூங்கி இருக்க எங்கள் இருவரின் ஆசி. இரவு வேலை முடிந்து பனியில் காரோட்டி வரும்போது கண் சொருகினால் ஓரமாக நிறுத்திவிடு. உன் வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவிக்கு மின்கலம் மாற்றினாயா? இன்றே மாற்று.

அன்புடன் உன் அம்மா,
ஹேசல்