நான் மனமுவந்து செய்த ராஜினாமா

அன்பு மகள் நெலிதாவுக்கு, லா பாஸில் உன் சித்தி வீட்டிலிருந்து அம்மா எழுதுவது. நாங்கள் எல்லாரும் நலம், நம் லாமா மந்தை எங்களைவிட நலம். புவெனஸ் ஐரிஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இருமாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும்.

நான் பதவியை விட்டுவிட்டதாக உன் காதுக்கு வந்திருக்கும், நானும் கேள்விப்பட்டேன். ஆணும் பெண்ணும் சரிபாதி நிற்க வேண்டும் என்று சட்டம் சொன்னதால் என்னை ஊர் மன்ற உறுப்பினராகவும், நான் விலகினால் அந்த இடத்துக்கு வர ஃபெர்மினை மாற்று உறுப்பினராகவும் நிறுத்தினார்கள் அல்லவா, பேருக்குத்தான் ஒரு பெண் வேண்டியிருந்தது, பேரோடு ஆளும் வந்து உட்கார்ந்ததுதான் தொல்லை. பாதிக் காலத்தில் நாற்காலியைத் தருவதாக நான் வாக்குக் கொடுத்தேனாம், ஃபெர்மின் ஊரெல்லாம் சொன்னான். பெண்டாட்டியை அடக்கி வை என்று ஊர்க்கூட்டத்தில் அப்பாவிடம் சொன்னார்களாம், சூப்பு ஊற்றுகிறவளை எப்படி அடக்குவது என்றாராம் அவர்.

பிறகு மன்றத் தலைவர் எலியோதோரோ என்னைக் கூட்ட அறையில் வைத்துப் பூட்டினார். எல்லாரும் மிக அக்கறையாகப் பேசினார்கள். "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்தப் பாடு, வீட்டுல நிம்மதியா இருங்க" என்று சொல்லிக்கொண்டே ஃபெர்மின் என் பின்னலைப் பிடித்து இழுத்தான். கையெழுத்துக்கு வலது கை வேண்டுமே என்று தலைவர் இடது கையைத்தான் முறுக்கினார், அவ்வளவு முன்யோசனை. எலும்பு முறிந்தது, கையெழுத்துப் போட்டேன். வெளியே ஃபெர்மினின் பதவியேற்புக்கு முன்கூட்டியே வந்து நின்ற பேண்டு வாத்தியம் கிளம்பியது.

ஆனால் ராஜினாமாவை உறுப்பினரே தேர்தல் அலுவலகத்தில் நேரில் தர வேண்டும் என்பது விதி, அதனால் தலைவர் தன் வண்டியிலேயே, முன் இருக்கை கொடுத்து, என்னை இங்கே லா பாஸுக்குக் கூட்டிவந்தார். அங்கிருந்த பெண் அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, "இது நீங்களா எழுதுனதாம்மா?" என்று கேட்டாள். தலைவர் என் முதுகை ஒட்டி நின்றார்.

"எழுதினவரு பின்னாடி நிக்கிறாரு, இந்தக் கையை ஒடிச்சவரும் அவருதான், பேரை அவரே சொல்லுவாரு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டுவிட்டது. ராஜினாமா செல்லாது என்று சொல்லி, புகாரும் எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்தால் வண்டியைக் காணோம், பேருந்தில் சித்தி வீட்டுக்கு வந்தேன், கட்டுப் போட்டாயிற்று.

வீட்டுக்கு நெருப்பு வைப்போம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா லாமாக்களை மாமா வீட்டில் விட்டுவிட்டார், தான் மட்டும் வீட்டைவிட்டு நகர மாட்டேன் என்கிறார். வியாழக்கிழமை மன்றக் கூட்டம், சந்தைப் பெண்கள் துணைக்கு வருகிறார்கள், நான் போகிறேன். பயமில்லையா என்று நீ கேட்பாய். இருக்கிறது, ஆனால் உட்கார்ந்து பேசுகிற வேலைதானே, கால் நடுங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது.

தையல் மெஷினில் குனிந்தே கிடக்காதே, கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள். அப்பா போனில் அழுதால் அதட்டு. பூமித்தாய் உங்கள் இருவரையும் மடியில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா,
சாத்துர்னினா தார்க்கி,
மன்ற உறுப்பினர்