கோப்பியிடம் சொன்னவை

அன்பு மதுரா,

மனிதர்கள் விலங்குகளோடு பழகும் விதம் பற்றிய உன் பல்கலைக்கழக ஆய்வுக்காக, நம் பூனை கோப்பியிடம் நாங்கள் என்ன பேசுகிறோம் என்று கேட்டிருந்தாய்.

உன்னை அந்தப் படிப்புக்கு அனுப்பியதற்காக அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். எனக்கும் வீம்பு. அன்றிலிருந்து எல்லாவற்றையும் கோப்பியிடம்தான் சொல்வோம்.

"அம்மாகிட்ட சொல்லு, தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டேன்."

"அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு ரெடி."

போன வாரம் கோப்பி செத்துப்போனது. வீட்டில் பேச்சே இல்லை.

இன்று காலை அப்பா அதன் காலித் தட்டைப் பார்த்தபடி, "அம்மாகிட்ட சொல்லு, ராத்திரி தூக்கமே வரல," என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லியிருக்கலாம். நானும் அந்தத் தட்டிடம்தான் சொன்னேன்: "எனக்கும்தான்னு சொல்லு."

உன் அம்மா