அப்பா நடப்பார் என்று அம்மா சொல்லிவிட்டாள்

கீலுங்
ஆறாம் பிறைமாதம், பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள்

அன்புள்ள யூ-லான் அக்காவுக்கு,

நீயும் நகாமா அத்தானும் நான் இன்னும் முகம் பார்க்காத குட்டிப் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று அம்மா வழக்கமாக எழுதும் வரியை நானும் எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. இத்தனை நாளும் வீட்டுக் கடிதம் அம்மாதான் எழுதினாள், நான் அடியில் பெயர் மட்டும் போடுவேன். இது அவளுக்குத் தெரியாமல் எழுதுவது. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அம்மாவின் கடிதம் எள்ளெண்ணெய்ப் புட்டியோடு பார்சலில் தனியாக வரும். எள்ளெண்ணெயில் கோழியை இஞ்சி போட்டுச் சமைத்துச் சாப்பிடு, ஈரத் தலையோடு காற்றில் நிற்காதே என்றெல்லாம் அதில் இருக்கும், அதையெல்லாம் கேள். அப்பா இப்போது தடி ஊன்றி நடக்கிறார் என்றும் இருக்கும். அதை மட்டும் நம்பாதே அக்கா. அப்பாவால் நிற்கக்கூட முடியவில்லை. வலது பக்கம் முழுவதும் அசைவில்லாமல் அப்படியேதான் இருக்கிறது. பேச்சும் வரவில்லை, "ம்" என்று மட்டும் சொல்கிறார், ஆனால் நாம் சொல்வதெல்லாம் புரிகிறது.

நாங்கள் நீ இருக்கும் நாஹாவுக்கு வரும் சுற்றுலாக் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டோம் என்று அம்மா தொலைபேசியில் சொன்னபோது நீ அழுதாயாம். எனக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. மண்டையைத் திறந்து தைத்த பிறகு அப்பா விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், குழந்தைக்கு இன்னும் பயணத்தாள் வராததால் உன்னாலும் வர முடியவில்லை. ஏழாம் மாதம் பிறந்தால் பேய்வாசல் திறந்து ஆவிகள் வெளியே வந்துவிடும், அந்த மாதம் முழுக்க அம்மா என்னைத் துறைமுகப் பக்கமே விடமாட்டாள், கப்பலிலா ஏற்றப்போகிறாள்? எட்டாம் மாதம் நீங்கள் மூவரும் பிரேசிலுக்குக் குடிபோய்விடுவீர்கள். அப்பாவை அவ்வளவு தூரம் யாரால் கொண்டுவர முடியும்? ஆகவே இந்தக் கப்பலை விட்டால் அப்பா உன்னையும் குழந்தையையும் பார்க்க வேறு கப்பல் கிடையாது. இதை நினைத்து நினைத்துத்தான் நானும் இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

சீட்டு வாங்கப் போனபோது நானும் அம்மாவோடு நின்றேன். கவுண்டரில் இருந்த காவ் அக்கா, வருகிறவர்களில் யாருக்காவது சக்கர நாற்காலி வேண்டுமா, படி ஏற முடியாதவர்கள் உண்டா என்று கேட்டாள். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் வீட்டுக்காரருக்கா? கொஞ்சம் தடி ஊனுவாரு, அவ்வளவுதான். துறைமுகத்துல கப்பல் கயிறு கட்டின உடம்பும்மா அது" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வெளியே வந்ததும் ஏன் இப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "கப்பல் ஏறப் போறவ வாயால முடியாதுன்னு சொல்லலாமா? சொன்னா அது அப்படியே நின்னுடும்டி" என்றாள். உனக்குத் தெரியும், பயணம் வைத்துவிட்டால் நம் வீட்டில் அபசகுனமான வார்த்தை ஒன்று நுழையக்கூடாது. தட்டில் மீனைத் திருப்பிப் போட்டால் கப்பலும் அப்படியே ஆகிவிடுமாம், விடமாட்டாள், முள்ளை எடுத்துவிட்டு அடிப்பக்கத்தைத் தின்னச் சொல்வாள். அப்பா கட்டிலிலிருந்து சரிந்தால்கூட விழுந்தார் என்று சொல்வதில்லை, "கீழ உக்காந்துட்டாரு" என்கிறாள். நான் அதைக் கேலியாக எழுதவில்லை அக்கா, எனக்கும் அந்த வார்த்தைகளைச் சொல்லப் பயம்தான்.

இரண்டு வாரமாக வீட்டில் ஒத்திகை நடக்கிறது. அப்பாவோடு கயிறு கட்டிய ஆ-துன் மாமா தினமும் சாயங்காலம் வருகிறார். அப்பாவின் இடுப்பில் அகலத் துணியைச் சுற்றி, பின்னால் நின்று பிடித்துத் தூக்குகிறார், அம்மா இடது கையில் தடியைச் செருகுகிறாள். துறைமுகத்தில் சீட்டுப் பார்க்கும் இடத்தை மட்டும் இப்படியே தாண்டிவிட்டால் போதும் என்பது அவர்கள் திட்டம். "அண்ணி, கவலையே படாதீங்க. சர்க்கரை மூட்டை ரெண்டைத் தூக்கினவன் நான், அண்ணன் ஒரு மூட்டைகூட இருக்கமாட்டாரு" என்றார் மாமா. அம்மா, "வாயாலயே தூக்கிடுவியே நீ, நேத்து மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கவே மூச்சு வாங்கினே" என்று சொல்ல, அப்பாகூடச் சிரித்தார், வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. சரி, மாமா கரையில் தூக்கிவிடுவார், அவருக்குச் சீட்டு இல்லையே, கப்பலுக்குள்ளே யார் தூக்குவார்கள் என்று நான் கேட்டேன். மாமா துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார். நேற்று அந்தத் துணி நழுவியது. அப்பா முன்பக்கமாகக் கதவு நிலையில் போய் மோதி, புருவம் கிழிந்து ரத்தம். அம்மா மஞ்சள் மருந்தை வைத்து அழுத்திக்கொண்டே, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, செருப்பு வழுக்கிடுச்சு" என்று சொன்னாள். அப்பாவின் காலில் செருப்பே இல்லை.

அதனால்தான் இன்று பள்ளி விட்டதும் கப்பல் அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். சிநேகிதியின் அப்பாவுக்காகக் கேட்பதாகச் சொன்னேன். காவ் அக்கா என் முகத்தை ஒருமுறை பார்த்தாள், அடையாளம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. "உன் சிநேகிதியோட அப்பாவுக்கு எழுந்து ரெண்டடி வைக்க முடியுமா, தங்கச்சி?" என்றாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அதே நேரம் வெளியே ஏதோ கப்பல் ஊதியது, எனக்கு உடம்பெல்லாம் தூக்கிவாரிப்போட்டது, நான் சொன்னது அதற்குக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அவளோ அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். "நடக்க முடியாதவங்க எத்தனையோ பேர் வராங்க. எங்ககிட்ட சொல்லாம வரதுதான் ஆபத்து" என்றாள். சாதாரண அறையின் கதவு நம் சக்கர நாற்காலியைவிட நாலு விரல் குறுகல், அதற்குள்ளே நாற்காலி நுழையவே நுழையாதாம். குளியலறை வாசலில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்பு இருக்குமாம், தண்ணீர் வெளியே வராமலிருக்க. நடக்க முடியாதவர்களுக்கென்று சில அறைகள் தனியாக இருக்கின்றன, அகலக் கதவு, தடுப்பில்லாத குளியலறை, உட்கார்ந்து குளிக்கப் பலகை, பிடித்துக்கொள்ளக் கம்பி எல்லாம் உண்டு, கப்பலின் நடுவில் கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருப்பதால் ஆட்டமும் குறைவு. முன்னமே சொல்லிவைத்தால் காலையில் கஞ்சி, மற்ற வேளைக்கு மென்று விழுங்கக் குழைவான சாப்பாடு, கூட்டம் வருமுன் வாசலோரமாக மேசை, எல்லாம் கொடுப்பார்களாம். நீச்சல்குளத்தில்கூட ஆளை நாற்காலியோடு இறக்கும் கருவி இருக்கிறதாம், அப்பாவை அதில் நினைத்துப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரிய பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறைக்கு அனுப்புவார்களாம், ஆகவே மாத்திரையையும் மாற்று உடுப்பையும் கைப்பையில் வைக்க வேண்டும், அம்மா மாத்திரை டப்பாவைப் பெரிய பெட்டிக்கு அடியில் வைத்துக் கட்டியிருக்கிறாள்.

பிறகு காவ் அக்கா என்னைத் தூங்கவிடாத விஷயத்தைச் சொன்னாள். கப்பலில் தீயோ வேறு ஆபத்தோ வந்து சங்கு ஊதினால் மின்தூக்கிகளை நிறுத்திவிடுவார்கள், எல்லாரும் படி ஏறித்தான் மேலே படகுகள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நடக்க முடியாதவர் எந்த அறையில் இருக்கிறார் என்பது கப்பல் ஆட்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் இரண்டு பேர் தூக்கு நாற்காலியோடு நேரே அந்தக் கதவுக்கு வருவார்கள். தெரியாவிட்டால் என்று கேட்டேன். "தெரியாத ஆளைத் தேடி யாரும்மா வருவா?" என்றாள். அக்கா, கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. அப்பா அந்தக் குறுகல் அறையில் தரையில் கிடக்கிறார், சங்கு ஊதுகிறது, நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறோம், அப்பா நகரவில்லை, வெளியே எல்லாருடைய காலடியும் மேலே மேலே போகிறது. அம்மா அப்பாவை விட்டுவிட்டு வரமாட்டாள். நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

உள்ளதைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. அந்தத் தனி அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. ஒன்றை மட்டும் தாய்ச்சுங் ஊர்க் குடும்பம் ஒன்று சொல்லிவைத்துவிட்டு இன்னும் முடிவு சொல்லவில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் நமக்குக் கிடைக்கும். வேண்டும் என்றால், அப்பாவின் நிலைமை தெரிந்த பிறகு சாதாரண அறையில் ஏற்றமாட்டார்கள், சீட்டை ரத்து செய்துவிடுவார்கள். அப்படியானால் அப்பா உன்னைப் பார்க்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று ஆகும். அம்மா என்னை மன்னிக்கமாட்டாள். நீ மன்னிப்பாயா என்பதும் தெரியவில்லை. காவ் அக்கா மாற்றி எழுதித் தரவேண்டிய தாளைக் கொடுத்து, "பயணம் செய்யறவரோட பெயர் முத்திரை இதுல இருக்கணும். சிநேகிதிகிட்ட சொல்லு, அவங்க அப்பாவையே கேக்கச் சொல்லு. அவரைப் பத்தி எல்லாரும் பேசறீங்களே, அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள். நான் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாம் யாரும் கேட்கவே இல்லை.

அம்மா தூங்கிய பிறகு பிஸ்கட் டின்னிலிருந்து, அப்பா கையெழுத்துக்குப் பதில் குத்தும் பெயர் முத்திரையையும் சிவப்பு மையையும் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா விழித்துத்தான் இருந்தார். காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன், கதவு குறுகல் என்பதை, சங்கு ஊதுவதை, உண்மையைச் சொன்னால் ஒருவேளை போகவே முடியாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். தாளில் இருந்த வரியைப் படித்துக் காட்டினேன், தானாக எழுந்து நிற்க இயலாதவர் என்று. அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வேண்டாம் அப்பா, கிழித்துவிடுகிறேன் என்றேன். பிறகு இடது கை போர்வையை விட்டு வெளியே வந்தது. முத்திரையை விரல்களுக்கு நடுவில் வைத்தேன், நான் கையைப் பிடிக்கவந்தபோது உதறிவிட்டார், தானே அழுத்தினார். பழக்கமில்லாத இடது கை, பெயர் கொஞ்சம் இழுபட்டு விழுந்திருக்கிறது. செல்லும் என்று நினைக்கிறேன்.

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் தாளைக் கொடுத்துவிடுவேன், இந்தக் கடிதத்தையும் விரைவு அஞ்சலில் போட்டுவிடுவேன். அலுவலகத்திலிருந்து எப்படியும் வீட்டுக்குப் பேசுவார்கள், அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அவள் உனக்குத் தொலைபேசி செய்து என்னைத் திட்டுவாள், திட்டட்டும், நீ குறுக்கே பேசாதே. அவள் அழுது முடித்த பிறகு, முத்திரை வைத்தது அப்பா கை என்று மட்டும் சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள். மாத்திரை டப்பாவைக் கைப்பைக்கு மாற்றச் சொல், உன் பேச்சைக் கேட்பாள். நாஹா துறைமுகத்தில் படியில்லாத வழி எந்தப் பக்கம், சக்கர நாற்காலி போகும் கழிவறை எங்கே என்று அத்தானை முன்னாலேயே போய்ப் பார்த்துவரச் சொல். குழந்தைக்குத் தலையை மூடு, துறைமுகத்துக் காற்று பொல்லாதது.

ஆசி சொல்ல எனக்கு வயதில்லை, ஆனாலும் இந்த முறை அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சேர்த்து நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாஸு தாயார் உங்கள் மூன்று பேரையும் எந்தக் கடலிலும் கைவிடாமல் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே அக்கா. சக்கர நாற்காலியில் வருகிறவர்களைக் கப்பலில் முதலில் ஏற்றுவார்களாம், ஆனால் இறக்கும்போது எல்லாரும் போன பிறகு கடைசியில்தான் இறக்குவார்களாம். கூட்டம் கலைந்துவிட்டது, இனி யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடாதே. கப்பலிலிருந்து இறங்கும் பாலத்தை எடுக்கும் வரை குழந்தையோடு அங்கேயே நில்.

உன் தங்கை,
பீ-சியா